கோடைக்குத் தக்க மந்தை: செட்டிநாட்டுச் செம்மண்ணில் குடும்பமாகக் கால்நடைப் பண்ணை அமைக்கும் முழு வழிகாட்டி

பண்ணை வைக்கப் போகிறோம் என்று வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எந்த ஆடு வாங்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. வைகாசிக் கடைசியில் உங்கள் நிலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பச்சைத் தீவனம் அறுக்க முடியும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எத்தனை உருப்படி வைக்கலாம் என்பது தானாகத் தெரியும். தெரியாவிட்டால் எந்த ஆடு வாங்கினாலும் நிலைக்காது.

செட்டிநாட்டில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மார்கழியில் கண்மாய்க் கரை, தரிசு, வரப்பு எங்கும் பச்சை தெரியும். அந்தப் பச்சையை நம்பி மந்தையைப் பெருக்கியவர்கள் சித்திரையில் வைக்கோலுக்கு அலைவார்கள். ஆனியில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வாங்கும்போது கூடின விலை, விற்கும்போது மெலிந்த உடம்பு. இந்தப் பக்கத்தில் ஆட்டுப் பண்ணைகள் மூடப்படுவதற்கு நோயைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

கீழே சொல்வதெல்லாம் காரைக்குடி, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் மூன்று ஏக்கர் செம்மண்ணும் ஓர் ஆழ்துளைக் கிணறும் வைத்துக்கொண்டு, கூலி ஆள் இல்லாமல் வீட்டு மனிதர்களே பார்த்துக்கொள்ளும் பண்ணைக்கு. எட்ட வேண்டிய அளவு 20 பெட்டை ஆடு, ஒரு கிடா, இரண்டு மாடு, 25 தாய்க்கோழி. அதை எட்ட இரண்டு ஆண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு முழுக்கத் தண்ணீர், வேலி, தீவனம் இவற்றுக்கே. ஆடும் மாடும் கடைசியில்தான் வர வேண்டும்.

முதல் படி: தண்ணீரைச் சித்திரையில் அளந்து பாருங்கள்

ஆட்டுக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 லிட்டர், கறவை மாட்டுக்கு 50 முதல் 60 லிட்டர், கோழிக்குக் கால் லிட்டர் குடிநீர் வேண்டும். கோடையில் இன்னும் கூடும். ஆனால் பெரிய செலவு குடிநீர் அல்ல, புல்லுக்குப் பாய்ச்சும் நீர். அதனால் போர் எத்தனை மணி நேரம் விடாமல் தள்ளுகிறது என்பதைச் சித்திரையில் ஓட்டிப் பார்த்துக் குறித்துவையுங்கள். தை மாதத்து ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

கூரைத் தண்ணீரை விடாதீர்கள். முற்றத்தில் விழுந்த மழையை அண்டாவுக்கும் கிணற்றுக்கும் கொண்டுசேர்த்த ஊர் இது. கொட்டகைக்கும் அதே முறை பொருந்தும். 400 சதுர அடிக் கூரையில் ஆண்டு முழுக்க விழும் மழை சுமார் 33,000 லிட்டர். சிந்தியது, ஆவியானது போக 26,000 லிட்டர் பிடிக்கலாம். அது முப்பது ஆடுகளுக்கு ஆறு மாதத்துக்கு மேல் குடிக்கும் நீர். மழையில் பாதி ஒரே பருவத்தில் கொட்டுவதால் அத்தனையையும் தேக்கப் பெரிய தொட்டி வேண்டும். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று கட்டினாலே ஆட்டுக் குடிநீருக்கு இரண்டு மாதத்துக்கு மேல் மோட்டாரை நம்ப வேண்டியதில்லை.

நிலத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக் குட்டை வெட்டுங்கள். செம்புறாங்கல் மண்ணில் தண்ணீர் தங்காது. அடியில் கண்மாய் வண்டலைப் பரப்பி மிதித்தால் ஓரளவு தங்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக் கண்மாய் வண்டல் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. குட்டைக்குப் போட்டது போக மீதியைப் புல் போடும் இடத்தில் கொட்டுங்கள். செம்மண்ணில் வண்டல் சேர்ந்த இடத்துக்கும் சேராத இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டாம் அறுப்பிலேயே புல்லின் உயரம் காட்டிவிடும்.

இரண்டாம் படி: வேலி

இங்கே ஆட்டுக்கு முதல் எதிரி தெருநாய். இரவில் நான்கு நாய் சேர்ந்து பட்டிக்குள் புகுந்தால் விடிவதற்குள் மந்தை பாதியாகிவிடும். கொட்டகையையும் அதை ஒட்டிய திறந்த பட்டியையும் சுற்றி ஐந்தடிக் கம்பி வலை கட்டாயம். வலையின் அடி ஓரத்தை மண்ணுக்குள் ஓர் அடி இறக்குங்கள். நாய் தாண்டுவதைவிடத் தோண்டுவதுதான் அதிகம்.

மீதி மூன்று ஏக்கருக்கும் கம்பி போட்டால் கையிலிருக்கும் பணம் வேலியிலேயே முடிந்துவிடும். கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, ஊன்றுங்கள். மழை பிடிக்கும் நேரத்தில் ஊன்றினால் தண்ணீர் ஊற்றாமலே வேர் பிடிக்கும். அதன் உள்பக்கம் கிளைரிசிடியா, அகத்தி, சூபாபுல் வரிசை நட்டால் வேலியே தீவனமாகும். அரளி மட்டும் வேண்டாம். பூவுக்கு ஆசைப்பட்டு வாசலில் நட்ட அரளியைக் கடித்து ஆடு செத்த வீடுகள் இருக்கின்றன. கண்மாய் ஓரம் ஊதா நிறத்தில் பூத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் நஞ்சு. வேறு பச்சை இல்லாத கோடையில் ஆடு அதையும் கடிக்கப் பழகிவிடும்.

மூன்றாம் படி: தீவனம்

இந்த வழிகாட்டியில் வேறு எதைத் தாண்டிப் போனாலும் இந்தப் பகுதியைத் தாண்டாதீர்கள்.

கணக்கைப் போடுவோம். 20 பெட்டை, ஒரு கிடா, வளரும் குட்டிகள் எல்லாம் சேர்த்து முப்பது பெரிய ஆட்டுக்குச் சமம் என்று வையுங்கள். ஓர் ஆட்டுக்கு நாளைக்கு 4 கிலோ பசுந்தீவனம். அதில் பாதி மேய்ச்சலிலும் குழையிலும் கிடைத்தால், நாம் அறுத்துப் போட வேண்டியது 60 கிலோ. இரண்டு மாட்டுக்குத் தலைக்கு 15 கிலோ வீதம் 30 கிலோ. ஆக நாளைக்கு 90 கிலோ, ஆண்டுக்கு 33 டன்.

கோ-5 கம்பு நேப்பியர் புல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 360 டன் தரும் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. நல்ல மண், தட்டாத தண்ணீர், நிறைந்த உரம் மூன்றும் இருந்தால் வரும் கணக்கு அது. நம் செம்மண்ணில், கோடையில் வற்றும் போரை வைத்துக்கொண்டு மூன்றில் ஒரு பங்குக்குத் திட்டமிடுங்கள். அப்படிப் பார்த்தால் ஏக்கருக்கு 48 டன். முக்கால் ஏக்கரில் 36 டன். நமக்கு வேண்டிய 33 டன்னை அது தாங்கும். இந்த முக்கால் ஏக்கர்தான் உங்கள் பண்ணையின் உயரத்தை நிர்ணயிக்கிறது. போர் அரை ஏக்கருக்குத்தான் தாங்கும் என்றால் ஆட்டையும் அதே விகிதத்தில் குறையுங்கள். கொட்டகையில் இடம் இருக்கிறதே என்று கூட்டாதீர்கள்.

இரண்டு பரு உள்ள தண்டுக் கரணையை 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றுங்கள். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒரு முறை. தரையோடு ஒட்டி அறுத்தால்தான் பக்கவாட்டில் புதுத் தூர்கள் வெடிக்கும். மொத்த வயலையும் ஒரே நாளில் நடாமல் பாத்தி பாத்தியாகப் பிரித்து நட்டால், தினமும் அறுக்க ஒரு பாத்தி முற்றாமல் தயாராக இருக்கும். கரணைக்கும் நல்ல இன ஆடுகளுக்கும் செட்டிநாட்டில் இருக்கும் அரசு மாவட்டக் கால்நடைப் பண்ணையில் விசாரிக்கலாம். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பயிற்சி என்று அறிவித்தால் வீட்டில் பண்ணையை உண்மையாகப் பார்க்கப் போகிறவரை அனுப்புங்கள். பல வீடுகளில் அது பெண்கள்தான்.

நேப்பியரை மட்டும் போட்டு ஆடு வளர்க்க முடியாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறு வகைக் குழை சேர வேண்டும். வேலி மசாலும் அகத்தியும் அதற்குத்தான். வேலி மசால் விதைக்குத் தோல் கடினம். கொதித்து இறக்கிய நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். சூபாபுல்லை மொத்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக விடாதீர்கள். அதிலுள்ள நச்சால் முடி கொட்டும்.

பாசனம் எட்டாத ஒரு ஏக்கரில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் மழையோடு விதைத்துவிடுங்கள். முதல் ஆண்டு அதில் ஆட்டை இறக்காமல் விதை உதிர விட்டால் பிறகு ஆண்டுதோறும் தானாக முளைக்கும்.

தீவனச் சோளம் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பூக்காத இளம் சோளத்திலும், தண்ணீர் இல்லாமல் வாடிக் கிடந்து திடீரென்று துளிர்த்த சோளத்திலும் நஞ்சு ஏறியிருக்கும். அதை நிறையத் தின்ற மாடு சில நிமிடங்களில் விழுந்துவிடும். பூவெடுத்த பிறகு மட்டும் அறுங்கள்.

சீமைக் கருவேலத்தை எல்லோரும் திட்டுகிறோம். திட்ட வேண்டிய மரம்தான். ஆனால் கோடையில் அதன் காய் இனிப்பும் சத்தும் உள்ள தீவனம். மஞ்சளாகப் பழுத்து உதிர்ந்த காய்களைப் பொறுக்கி, வெயிலில் மொறமொறவென்று காயவைத்து, அரைத்துக் கலப்புத் தீவனத்தில் சேர்க்கலாம். முழுக் காயாகப் போட்டால் விதை சாணத்தோடு வெளியே வந்து உங்கள் நிலமெல்லாம் முளைக்கும். அரைப்பது அதற்காகவும்தான். காய் மலிவாகக் கிடைக்கிறதென்று அதை மட்டுமே போட்டு வளர்த்தால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தாடை இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு வரும். கலப்புத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் அரைக்கும் கலப்புத் தீவனத்துக்கு ஓர் அளவு: 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 37, கடலைப் பிண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 20, உளுந்து அல்லது துவரைப் பொட்டு 20, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1. கருவேலங்காய் மாவு சேர்க்கும்போது அந்த அளவுக்கு மக்காச்சோளத்தைக் குறையுங்கள். சினை ஆட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் நாளைக்கு 250 கிராம் போதும். பூஞ்சை மணம் வீசும் பிண்ணாக்கை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஈரல் கெடும், சினை கலையும்.

வைக்கோலைத் தை, மாசி அறுவடையில் களத்திலேயே பேசி வாங்கிப் படப்புப் போட்டுவிடுங்கள். மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ வீதம் இரண்டு மாட்டுக்கு ஐந்து மாதத்துக்கு ஒன்றரை டன். கடலைக் கொடி கிடைத்தால் ஆட்டுக்கு அதைவிட நல்ல உலர்தீவனம் கிடையாது.

நான்காம் படி: கொட்டகை

பெட்டைக்கு 12 சதுர அடி, குட்டிக்கு 5, கிடாவுக்குத் தனியாக 20. மொத்தம் 400 சதுர அடிக்கு மேல் கட்டத் தேவையில்லை. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும்; வெயில் உள்ளே புகாது. மேடான இடம் பாருங்கள்.

பரண் கட்டுவதா, தரையில் விடுவதா என்று கேட்பார்கள். பகலில் மேய்ச்சலுக்குப் போய்வரும் ஆட்டுக்கு இரவு தங்கப் பரண் நல்லது. கழிவு கீழே விழுந்துவிடும். மழைக்காலத்தில் குளம்பு ஈரத்தில் ஊறாது. பனைமரச் சட்டம் இந்தப் பக்கம் கிடைக்கிறது, உழைக்கிறது. சட்டத்துக்குச் சட்டம் அரை அங்குல இடைவெளி விடுங்கள். அதற்கு மேல் போனால் குட்டியின் கால் சிக்கும். குறைந்தால் புழுக்கை விழாது. தரையிலிருந்து நான்கடி உயரம் இருந்தால்தான் ஆள் குனிந்து உள்ளே போய் எருவை இழுக்க முடியும்.

கூரைக்குத் தகரம் வேண்டவே வேண்டாம். இந்த வெயிலில் அதன் கீழ் நிற்கும் ஆடு தீனியைக் குறைத்துவிடும். பழைய நாட்டு ஓடு கிடைத்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் கீற்று. மழைநீர் பிடிக்க ஓடுதான் ஏற்றது. கட்டிடத்தில் மிச்சம் பிடித்த பணத்தைத் தொட்டிக்கும் வலைக்கும் போடுங்கள். பரண் பளபளப்பாக இருப்பதால் ஒரு கிலோ கறிகூட அதிகம் ஏறாது.

ஐந்தாம் படி: ஆடு வாங்குதல்

போயர், சிரோஹி, ஜமுனாபாரி என்று காணொளியில் பார்த்து ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது, முதல் மூன்று ஆண்டு உள்ளூர் ஆட்டோடு பழகுங்கள் என்பதுதான். கன்னி ஆடு கறுப்பு உடம்பில் முகத்திலும் காலிலும் கோடு ஓடும். வெள்ளைக் கோடு என்றால் பால்கன்னி, சிவப்பென்றால் செங்கன்னி. கொடி ஆடு உயரம், வெள்ளையில் கறுப்போ சிவப்போ தெளித்திருக்கும், நடக்கச் சளைக்காது. நம் ஊர்ப் பள்ளை ஆடு குட்டை, குறைவாகத் தின்னும், குறைந்த தீனியிலும் இரட்டைக் குட்டி போடும். மூன்று ஏக்கர்க் குடும்பத்துக்குப் பள்ளைப் பெட்டையும் கன்னிக் கிடாவும் சேர்ந்த மந்தை பொருத்தம் என்பது என் எண்ணம். ஈமு கோழிக்குக் கூட்டம் கூட்டமாகப் பணம் கட்டி இழந்ததைத் தமிழ்நாடு பார்த்தது. இறைச்சிக்கு அல்லாமல் அடுத்த பண்ணைக்காரருக்கு விற்பதற்காகவே விலை ஏறும் எந்த இனத்திலும் குடும்பப் பணத்தைப் போடாதீர்கள்.

பல்லைப் பிடித்துப் பாருங்கள். ஒரு வயது தாண்டியதும் நடுவில் இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் முளைக்கும். இரண்டு பல், நான்கு பல் ஆடு வாங்குங்கள். ஒரு முறை ஈன்றது என்றால் மடியைத் தடவி, கட்டி இருக்கிறதா, இரண்டு காம்பிலும் பால் வருகிறதா என்று பாருங்கள். கீழிமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்து உட்புறம் பாருங்கள். சிவந்திருந்தால் நல்லது, வெளிறி இருந்தால் குடற்புழு இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

திருப்புவனம் செவ்வாய்ச் சந்தையைப் போய்ப் பாருங்கள், விலை தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் வளர்ப்புக்குரிய பெட்டையைச் சந்தையில் வாங்காதீர்கள். எங்கெங்கிருந்தோ வந்த ஆடுகள் மூச்சுக்காற்றைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் இடத்தில்தான் ஆட்டுக்கொல்லி நோய் ஏறிக்கொள்ளும். கிராமத்தில் வீடு பார்த்து, தாயைப் பார்த்து வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் 30 நாள் தனிப் பட்டியில் வைத்து, புழு நீக்கி, தடுப்பூசி போட்ட பிறகே மந்தையில் சேருங்கள். முதலில் ஏழு பெட்டை போதும். ஒரு கோடையைக் கடந்த பிறகு மற்றவை.

ஆறாம் படி: இணை, சினை, ஈற்று

கிடா ஆண்டு முழுக்க மந்தையில் நின்றால் குட்டி எந்த மாதத்தில் விழும் என்பது உங்கள் கையில் இல்லை. தனியாகக் கட்டுங்கள். ஆட்டுக்குச் சினைக்காலம் 150 நாள். ஆவணியில் இணை சேர்ந்த பெட்டை தையில் ஈனும். அப்போது மழை ஓய்ந்திருக்கும், கரையெல்லாம் பச்சை இருக்கும், தாய்க்குப் பால் சுரக்கும். அந்தக் குட்டி ஒன்பது மாதத்தில், தீபாவளிக்கு விலைக்கு வரும்.

இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். எடுக்கலாம். ஆனால் சித்திரையில் சேர்த்தால் புரட்டாசியில் குட்டி விழும். அடுத்த மாதம் அடைமழை. கவனிக்க ஆள் இருந்தால் மட்டும் அந்த ஈற்றை எடுங்கள். 20 பெட்டை, ஆண்டுக்குச் சராசரி 1.3 ஈற்று, ஈற்றுக்கு ஒன்றரைக் குட்டி, நூற்றுக்கு 85 பிழைக்கும் என்று வைத்தால் 33 குட்டி. ஐந்து பெட்டைக் குட்டியை மந்தைக்கு நிறுத்தினால் விற்க 28. இதற்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள்.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் ஒட்டியிருக்கும் சளியை விரலால் வழித்துவிடுங்கள். தாய் நக்கட்டும், அதைத் தடுக்க வேண்டாம். தொப்புள் கொடியை இரண்டு அங்குலம் விட்டு நறுக்கி, அயோடினில் முக்குங்கள். அரை மணிக்குள் குட்டி எழுந்து காம்பைத் தேடும். தேடாவிட்டால் காம்பின் முனையில் அடைத்திருக்கும் மெழுகு போன்றதைப் பீய்ச்சித் தள்ளிவிட்டு, குட்டியின் வாயில் காம்பை வையுங்கள். முதல் நாளுக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். இரண்டு கிலோக் குட்டிக்கு 200 மில்லி. இது கிடைக்காத குட்டிக்கு நோய் எதிர்ப்பு இருக்காது. பிறகு எந்த மருந்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கிடாவை மாற்றுங்கள். அதன் மகள்களே பருவத்துக்கு வந்துவிடும்.

ஏழாம் படி: நோய் வராமல் காப்பது

ஆட்டுக்கொல்லிக்கு மூன்று மாதம் கடந்த குட்டிக்கு ஊசி போட்டால் மூன்று ஆண்டு தாங்கும். துள்ளுமாரிக்கு ஆண்டுதோறும் மழைக்கு முன். மாட்டுக்குக் கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசே இலவசமாகப் போடுகிறது. காதில் 12 இலக்க வில்லை மாட்டுவார்கள். காப்பீடு செய்தால் அந்த வில்லைதான் சாட்சி, அறுந்து விழுந்தால் உடனே மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.

குடற்புழு மருந்தைக் கண்டபடி ஊற்றினால் மருந்துக்குப் புழு பழகிவிடும். மழைக்கு முன் ஒன்று, தையில் ஒன்று. இடையில் புழுக்கையைக் கால்நடை மருத்துவமனையில் கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் பனி உலரும் முன் மேய விடாதீர்கள்; ஈரப் புல்லின் நுனியில்தான் புழுவின் இளம்பருவம் ஏறி நிற்கும்.

செட்டிநாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கல்யாணப் பந்தியில், கும்பாபிஷேக அன்னதானத்தில், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து தொட்டியில் கொட்டுவார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். மாட்டுப் பொங்கலன்று நாமே கை நிறையப் பொங்கல் ஊட்டுகிறோம். வெந்த சோறு அளவுக்கு மீறிப் போனால் முதல் இரைப்பையில் புளித்து அமிலமாகிவிடும். அசை போடாது, பல்லை நறநறவென்று கடிக்கும், இடப்பக்கம் உப்பும், சாணம் தண்ணீராகப் போகும். அடுத்த நாள் மாடு எழாது. படையலுக்கு ஒரு கைப்பிடி போதும். மீறித் தின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு எண் 1962. கூப்பிடும்போது என்ன தின்றது, எப்போது தின்றது, கடைசியாக எப்போது அசை போட்டது, இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

கறவைக்கு மடிவீக்கம் வந்தால் கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகைப் பற்று பயன்படும்: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்து அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து, மடி முழுக்க ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள் தடவ வேண்டும். ஒவ்வொரு முறையும் மடியைக் கழுவிப் பாலைப் பீய்ச்சி எடுத்த பிறகே தடவுங்கள். மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தால் மருத்துவரையும் கூப்பிடுங்கள்.

மாடு

இரண்டுக்கு மேல் வேண்டாம். வீட்டுப் பாலுக்கும் கொஞ்சம் சங்கத்துக்கு ஊற்றவும் ஒரு ஜெர்சி கலப்பு போதும். மற்றொன்று புலிக்குளம் என்றால் எனக்கு மகிழ்ச்சி. இதே சிவகங்கைச் சீமையின் மாடு அது. இங்கே மஞ்சுவிரட்டில் பார்க்கும் காளை பெரும்பாலும் அந்த இனம்தான். பாலுக்காக அதை வாங்காதீர்கள், கன்றுக்குப் போக மிஞ்சுவது சொற்பம். கிடைபோட்டு மேய்ந்து பழகிய மாடு; கொட்டிலில் கட்டியே வைத்தால் முரண்டு பிடிக்கும். இரண்டு மாட்டுச் சாணம் சுமார் 25 கிலோ. ஒரு கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு அதுவே போதும்.

கோழி

தொடங்கிய முதல் ஆண்டில் கையில் காசு காட்டுவது கோழிதான். அதனால் ஆட்டுக்கு முன்பே 25 பெட்டையும் மூன்று சேவலும் விட்டுவிடலாம். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். நான்கைந்து மாதத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும். செட்டிநாட்டுச் சமையலைத் தேடிக் காரைக்குடிக்கு வருகிறவர்கள் இருக்கும்வரை வாங்க ஆள் உண்டு.

அடை வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. அகலமான மண்சட்டியில் பாதிக்கு மணல், மேலே வைக்கோல், பத்துப் பன்னிரண்டு முட்டை. ஏழாம் நாள் இருட்டில் விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு தெரியாதவை கூமுட்டை, எடுத்துவிடுங்கள். 21 நாளில் பொரிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அடை வைத்தால் பாதி முட்டை வீணாகும். தை, மாசிதான் நல்ல காலம்.

குஞ்சுக்கு முதல் மாதம் புரதம் வேண்டும். அதற்குக் கரையான் பிடியுங்கள். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாண வறட்டி, மட்கிய ஓலை இவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலை பானையைத் தூக்கினால் உள்ளே சாக்கு மடிப்பெங்கும் வெள்ளையாக நெளியும். கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடைக்குப் பக்கத்தில் உதறினால் தாய்க்கோழி குரல் கொடுத்துக் குஞ்சுகளைக் கூப்பிடும். வெயில் ஏறும் முன் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் மொத்தக் கூட்டமும் போய்விடும். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 28-ஆம் நாள் மறுபடி, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் நடத்திப் போடுகிறது. அதைத் தவற விடாதீர்கள். இரவில் கூண்டு மூடியிருக்க வேண்டும். கீரிக்கும் மரநாய்க்கும் சிறு சந்து போதும்.

வீட்டில் யாருக்கு எந்த வேலை

ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்தால் போதாது. அதில் முடிவெடுக்கும் உரிமையும் அவருக்கே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கோழி முழுக்க அப்பத்தா பொறுப்பு. எந்தக் கோழியை அடை வைப்பது, எந்தச் சேவலை விற்பது என்று அவர் சொல்வதுதான் முடிவு. முட்டைக் காசும் அவர் கையில். காலையில் கூண்டைத் திறக்கும்போதே எது குறுகி நிற்கிறது, எது தீனிக்கு ஓடி வரவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். படிக்கிற பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுங்கள். ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு பக்கம்: பிறந்த நாள், தாய், இணை சேர்ந்த நாள், ஈன்ற நாள், குட்டி எத்தனை, ஊசி, விற்ற எடை, விலை. பங்குனியில் அந்த நோட்டை விரித்து வைத்து, இரண்டு ஈற்றாக ஒற்றைக் குட்டியும் குறைந்த பாலுமாக இருக்கிற பெட்டை, சினை பிடிக்காத பெட்டை, ஆறு பல் தாண்டித் தளர்ந்தது எல்லாவற்றையும் கோடைக்கு முன் விற்றுவிடுங்கள்.

கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று எல்லோரும் வெளியே போக வேண்டிய நாள் வரும். பக்கத்து வீட்டோடு முன்கூட்டியே பேசி, அவர்கள் மாட்டை நாமும் நம் ஆட்டை அவர்களும் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

விற்பனை

வியாபாரி வாசலுக்கு வந்து கண்ணால் பார்த்து விலை சொல்வார். நீங்கள் எடையால் பேசுங்கள். தொங்கு தராசு இல்லாவிட்டால் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுங்கள். சுற்றளவு 26, நீளம் 24 என்றால் ஏறத்தாழ 24.5 கிலோ. உயிர் எடையில் கறி சரிபாதியைத் தாண்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

புரட்டாசியில் கறி விற்பனை படுத்துவிடும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டதிலிருந்து பழனிப் பாதயாத்திரை முடியும் தைப்பூசம் வரைக்கும் இந்த ஊரில் பல வீடுகளில் அசைவம் இல்லை. ஆடி, தீபாவளி, மாசிச் சிவராத்திரிக் குலதெய்வக் கும்பிடு, பக்ரீத் இவைதான் விலை கிடைக்கும் காலம். கோயிலுக்குக் கேட்கிறவர்கள் கறுப்புக் கிடாவை, காதும் கொம்பும் பழுதில்லாததாகத் தேடுவார்கள். பிறக்கும்போதே அப்படிப்பட்ட குட்டியைக் குறித்துவைத்து, காயடிக்காமல் வளர்த்துவாருங்கள்.

தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மானியம் உண்டு. ஆனால் ஆட்டுக்கு 100 பெட்டை, 5 கிடாவிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்று ஏக்கருக்கு அது பொருந்தாது. மானியத்துக்காக மந்தையைப் பெருக்க வேண்டாம். நடைமுறைச் செலவுக்கு உழவர் கடன் அட்டையில் கால்நடைக்கும் கடன் கிடைக்கிறது, வங்கியில் கேளுங்கள்.

எரு

பரணுக்குக் கீழ் விழும் புழுக்கையை வாரம் ஒரு முறை இழுத்து, நிழலில் குவித்து, ஈரம் காயாமல் மூன்று மாதம் மட்க விடுங்கள். முதல் உரிமை உங்கள் புல்லுக்கு. மிஞ்சியதை மூட்டையாக விற்கலாம். மாடித்தோட்டக்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள்.

புல் போடாத தரிசுக்குக் கிடை போடலாம். பங்குனி முதல் ஆனி வரை ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகள் மந்தையோடு இந்தப் பக்கம் வருவார்கள். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டால் ஆடுகளை உங்கள் வயலில் அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் இறங்கும். வண்டிக் கூலியும் இல்லை, அள்ளும் வேலையும் இல்லை. கிடை எழுந்த மறுநாளே லேசாக உழுது மூடிவிடுங்கள், வெயிலில் சத்து ஆவியாகப் போகாது. வந்த மந்தையையும் உங்கள் மந்தையையும் ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டாதீர்கள். கிடை கிடந்த இடத்தில் ஒரு மாதமாவது உங்கள் ஆடு மேயக் கூடாது.